சாசனம் வந்த பிறகு 88 ஆண்டுகள்

இறையியல் கல்லூரி அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் 'செனட்' என்று சொன்னால் அது செராம்பூர் செனட்தான், அதாவது செராம்பூர் கல்லூரியின் பெயரில் இறையியல் பாடத்தையும் தேர்வையும் நடத்தும் அமைப்பு. மாணவர் பதிவு, பாடத்திட்டம், தேர்வு, பட்டச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் கடிதம் போவது அங்கேதான். மதுரை அரசரடியில் படித்தாலும், சென்னைக் குருகுலத்தில் படித்தாலும், சான்றிதழில் இருப்பது வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள ஒரு நகரின் பெயர். புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதைப் பார்த்துவிட்டு, ஏன் செராம்பூர் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் செனட்டின் நடைமுறைகள் பாதி புரிந்துவிடும்.

பாப்டிஸ்ட் மிஷனரியான வில்லியம் கேரி 1793இல் வங்காளம் வந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை அனுமதிக்கவில்லை. அவர் அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றில் மேலாளராக இருந்து காலம் தள்ளினார். 1799இல் அவருடைய சக மிஷனரிகளான ஜோஷுவா மார்ஷ்மேனும் வில்லியம் வார்டும் வந்து இறங்கியபோதும் அதே தடை இருந்தது. அவர்களுக்கு இடம் கொடுத்தது டென்மார்க் ஆட்சியில் இருந்த செராம்பூர். 1800 ஜனவரியில் கேரியும் அங்கே வந்து சேர்ந்தார். தமிழர்களுக்கு இது தெரிந்த கதைதான். லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவுக்கு 1706இல் தரங்கம்பாடியில் இடம் கிடைத்ததும் டென்மார்க் அரசின் கீழ்தான்.

1818 ஜூலையில் இந்த மூவரும் தொடங்கிய செராம்பூர் கல்லூரியின் அறிவிப்பு வெளியானது. முதலில் சேர்ந்தவர்கள் 37 பேர். அவர்களில் 19 பேர் கிறிஸ்தவர்கள், 14 பேர் இந்துக்கள், மற்ற 4 பேர் எந்தச் சமயத்தையும் குறிப்பிடாதவர்கள். நிறுவனர்கள் பாடத்தை வங்காளியிலும் சமஸ்கிருதத்திலும் தொடங்கினார்கள். ஆங்கிலத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் முடிவு. ஜான் மாக் அங்கே வேதியியல் கற்பித்து, வங்காளியிலேயே வேதியியல் பாடநூலும் எழுதினார். பணத்துக்குப் பெரும்பாலும் அவர்கள் உழைப்புதான் வழி. கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரி வாங்கிய சம்பளம், மார்ஷ்மேன் தம்பதியர் நடத்திய விடுதிப் பள்ளிகள், வார்டின் அச்சகம் ஆகிய மூன்றின் வருமானமும் ஒரே பையில் விழுந்தது. மூன்று பேரின் உடல்நலத்தை நம்பி நின்ற நிதி அது. 1823இல் வார்டு காலராவில் இறந்ததும் அந்தப் பலவீனம் வெளியே தெரிந்தது.

பட்டம் வழங்கும் உரிமையைத் தேடி மார்ஷ்மேன் 1826இல் டென்மார்க் போனார். 1827 பிப்ரவரி 23 அன்று ஆறாம் பிரெடெரிக் மன்னர் பட்டம் வழங்கும் உரிமைச் சாசனத்தைக் கொடுத்தார். கோபன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களுக்கு இருந்த அதே உரிமைகள் செராம்பூருக்கும் கிடைத்தன. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் உருவாவதற்கு 30 ஆண்டுகள் முன்பே, இந்தியாவில் ஒரு கல்லூரியின் கையில் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இருந்தது.

ஆனால் அந்தச் சாசனத்தின்கீழ் முதல் பட்டம் கொடுக்கப்பட்டது 1915 டிசம்பரில். பெற்றவர்கள் மூன்று பேர்.

இந்த 88 ஆண்டு இடைவெளிதான் செராம்பூர் வரலாற்றில் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. சாசனம் வந்த பின் அதை நடத்தும் விதிகளை எழுதி முடிக்கவே 1833 ஆகிவிட்டது. அதற்கு முன்பே 1830இல் கல்கத்தாவின் பாமர் கம்பெனி திவாலாகி, அடுத்தடுத்து வணிகத்தோடு பிறர் பணத்தையும் வாங்கி வைத்திருந்த மற்ற ஏஜென்சி நிறுவனங்களும் விழுந்தன. அவற்றில் போட்டிருந்த மிஷன் பணம் கரைந்தது. 1834இல் கேரியும் 1837இல் மார்ஷ்மேனும் காலமானார்கள். கல்கத்தாவில் 1830இல் அலெக்சாண்டர் டஃப் என்ற மிஷனரி ஆங்கிலவழிப் பள்ளி தொடங்கினார். கம்பெனி வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதால் மாணவர் கூட்டம் அந்தப் பக்கம் போனது. பட்டத் தேர்வு எழுதும் அளவுக்குத் தயாரான மாணவர்களும், அந்தத் தேர்வை நடத்தப் போதுமான ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் அங்கே அமையவில்லை. சாசனம் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

1845இல் டென்மார்க் தன் இந்தியக் குடியேற்றங்களைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. தரங்கம்பாடியும் செராம்பூரும் ஒரே ஒப்பந்தத்தில் கைமாறின. கல்லூரியின் சாசன உரிமைகள் தொடரும் என்று அதன் ஆறாவது பிரிவில் எழுதி வைத்தார்கள். அந்த ஒரு பிரிவு விடுபட்டிருந்தால் இன்றைக்கு செனட் இல்லை. கல்லூரி நிர்வாகம் 1856இல் பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டே கல்கத்தாப் பல்கலைக்கழகம் வந்ததும் செராம்பூர் அதன் இணைப்புக் கல்லூரியானது. சொந்தமாகப் பட்டம் தரும் உரிமை உள்ள கல்லூரி, வேறொரு பல்கலைக்கழகத்தின் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்தது. 1883இல் கலைப்பிரிவும் மூடப்பட்டு, சபை ஊழியர் பயிற்சிப் பள்ளியாகச் சுருங்கியது.

மீட்டெடுத்தவர் ஜார்ஜ் ஹவல்ஸ் என்ற வேல்ஸ்காரர். அரசுப் பல்கலைக்கழகங்கள் சமயச் சார்பின்மை காரணமாக இறையியலில் பட்டம் தருவதில்லை என்ற இடைவெளியை அவர் சரியாகக் கண்டார். கலைப் பட்டத்துக்குச் செராம்பூரைத் தேடி யாரும் வரப்போவதில்லை, இறையியல் பட்டத்துக்கோ இந்தியாவில் வேறு வழியே இல்லை. 1918இல் வங்காளச் சட்டமன்றம் செராம்பூர் கல்லூரிச் சட்டத்தை நிறைவேற்றியது. சொத்தும் நிர்வாகமும் கவுன்சிலிடம், பாடமும் தேர்வும் செனட்டிடம் என்று பொறுப்பு பிரிந்தது. செனட்டில் பல சபைகளுக்கும் இடம் இருந்தது. வேறு ஊர்களில் உள்ள இறையியல் கல்லூரிகளும் இணையலாம் என்று வழி திறந்தது. பாப்டிஸ்டுகளின் சொத்தாக இருந்த சாசனத்தை லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு சபைகளுக்கும் பொதுவாக்கிய இந்த முடிவுதான் எங்கள் பார்வையில் கட்டடத்தையும் சாசனத்தையும் விடப் பெரியது. இன்று 50க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அந்தக் குடையின் கீழ் இருக்கின்றன. செராம்பூரின் கலை, அறிவியல் வகுப்புகள் இன்றும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் நடக்கின்றன.

இவ்வளவு கல்லூரிகளுக்கும் ஒரே பட்டம் என்றால் அலுவலகத்தில் சிக்கல் எங்கே வரும்? முதலில் பெயரில். தாவீதின் மகன் சாமுவேல் தமிழில் 'தா. சாமுவேல்', பள்ளிச் சான்றிதழின் ஆங்கிலப் பக்கத்தில் 'டி. சாமுவேல்', ஞானஸ்நானப் பதிவில் 'சாமுவேல் ஜெபராஜ்'. முதலெழுத்தை விரிக்கும்போது ஒருவர் தாவீது சாமுவேல் என்று எழுதுவார், இன்னொருவர் சாமுவேல் தாவீது என்பார். முதலாண்டுப் பதிவுப் படிவம் போவதற்கு முன் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் அசலை மேசையில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, மாணவரிடமே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பட்டம் அச்சான பிறகு திருத்த வேண்டுமானால் பிரமாணப் பத்திரம், விண்ணப்பம், காத்திருப்பு என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதற்குள் அவருக்குச் சபையில் பொறுப்பேற்கும் நாளோ மேற்படிப்பு விசாவோ வந்து நிற்கும்.

அடுத்தது சொல். தமிழில் விடை எழுதும் மாணவர் பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்திருந்தால் 'தேவன்', 'இரட்சிப்பு', 'பரிசுத்த ஆவி' என்று எழுதுவார். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் பழகியவர் 'கடவுள்', 'மீட்பு', 'தூய ஆவி' என்பார். லுத்தரன் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் நடுவில் 'பராபரன்' என்று எழுதிவிடுவார். மதிப்பிடுபவர் ஒரு வழக்கில் மட்டும் பழகியவராக இருந்தால் மற்றதைப் பிழை என்று சுழித்துவிடும் ஆபத்து உண்டு. இணைச் சொற்களை ஒரு தாளில் எழுதி விடைத்தாள் கட்டோடு வைத்துக் கொடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். அந்தத் தாளில் பராபரனை விட்டுவிடக் கூடாது. 1813இல் செராம்பூர் அச்சகத்திலிருந்து வந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு லுத்தரன் மிஷனரி பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு. அதில் கடவுளுக்கு இருந்த சொல் பராபரன்.