ஹெட்போன் மாட்டாத பிள்ளைக்குக் காது டெஸ்ட்

சத்தமும் தொடுகையும் தாங்காத என் மகனைப் பரிசோதித்த அறிக்கை கைக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. கடுப்பு இன்னும் அடங்கவில்லை. அடங்கினால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

மகனுக்கு ஐந்து வயது. சட்டை லேபிளை வெட்டினால் மட்டும் போதாது, தையலில் மிஞ்சியிருக்கும் துணுக்கையும் பிரித்தெடுக்க வேண்டும். சாக்ஸின் தையல் விரல் நுனியில் சரியாக உட்காராவிட்டால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஹேண்ட் டிரையர் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். அதே பிள்ளைதான் சோபாவிலிருந்து தொம்மென்று தரையில் குதித்துக்கொண்டே இருப்பான், சுவரில் மோதிவிட்டுச் சிரிப்பான். இப்படிப் பிள்ளை உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

முதல் தப்பு என்னுடையது. “சென்சரி ப்ராசஸிங் டிஸ்ஆர்டரான்னு பார்க்கணும் டாக்டர்” என்று, புலன்கள் தரும் தகவலை மூளை சரியாகக் கையாளாததற்குச் சொல்லப்படும் அந்த நோய்ப் பெயரையும் நானே எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பத்து நிமிடமும் அவன் மேசை ஓரத்தில் காரை உருட்டிக்கொண்டு சமர்த்தாக இருந்து தொலைத்தான்.

“அப்படி ஒரு நோயே கிடையாதும்மா. பையன் நல்லாத்தானே இருக்கான்? நீங்க கொஞ்சம் கண்டிப்பா இருந்து பாருங்க.”

வெளியே வந்து அழுதேன். பிறகு படித்துப் பார்த்ததில், அவர் சொன்னது பாதி உண்மை. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5-இல் (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியல் நூல்) இது தனி நோயாக இல்லைதான். ஆனால் சத்தம், தொடுகை போன்றவற்றுக்கு அளவு மீறியோ குறைந்தோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்ததும் அதே டிஎஸ்எம்-5தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-லேயே, இதைத் தனி நோயாக எழுத வேண்டாம், பின்னால் ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும்), பதற்றக் கோளாறு எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள் என்றது. எனக்குக் கிடைத்தது முன்பாதி மட்டும்.

அடுத்து குழந்தை வளர்ச்சிக்கான சிறப்பு மருத்துவர். இந்த முறை நோய்ப் பெயரே எடுக்கவில்லை. ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன்: உடை மாற்ற நாற்பது நிமிடம், நகம் வெட்ட இரண்டு பேர், யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மேசைக்கு அடியில். கூடவே சாக்ஸ் போராட்டத்தைப் போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ. அவர் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பரிந்துரைச் சீட்டு எழுத ஆரம்பித்தார். பிள்ளை அங்கே சமர்த்தாக இருந்தாலும் வீடியோ பொய் சொல்லாது. கட்டாயம் எடுத்து வையுங்கள்.

சீட்டில் முதலில் காது. “அவன் காதில் எதையும் வைக்க விட மாட்டான்” என்று போனிலேயே சொல்லியிருந்தேன். “வாங்க, பார்த்துக்கலாம்.” மினுக்கிக்கொண்டிருந்த ஒரு டியூப் லைட்டுக்குக் கீழே இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, உள்ளே கூப்பிட்டதும் நேராக ஹெட்போனை மாட்டினார்கள். ஹெட்போன் பறந்தது. ‘குழந்தை ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். எதற்காக வந்தோமோ, அதற்காகவே திருப்பி அனுப்பப்பட்டோம்!

வேறோர் இடத்தில் கேட்டபோதுதான் தெரிந்தது, ஸ்பீக்கர் வழியாகச் சத்தம் விட்டும் பார்க்கலாம். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை எடுத்து வாளியில் போட வேண்டும். இருபது நிமிடத்தில் முடிந்தது, கடைசிக் கட்டையைத் தர மறுத்து அடம் வேறு. இதில் இரண்டு காதும் தனித்தனியாகத் தெரியாது, அதனால் வீட்டில் ஹெட்போனைப் பழக்கச் சொன்னார் அங்கே சோதித்த பெண். மூன்று வாரம் கரடி பொம்மைக்கு மாட்டி விளையாடிய பிறகு அவனே மாட்டிக்கொண்டான். கேட்கும் திறனில் குறையில்லை. கண்ணிலும் இல்லை.

அடுத்து ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது உடை மாற்றுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர். அவரிடம் போன அன்று வரவேற்பிலேயே முட்டுக்கட்டை. “ஸ்கூல் ஃபார்ம் எங்க மேடம்?” பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று என்று இரண்டு கேள்வித்தாள் உண்டாம். எனக்கு அனுப்பியது ஒன்றுதான். அன்றைய பயணம் வீண். நேரம் வாங்கும்போதே மொத்தம் எத்தனை படிவம் என்று கேட்டுவிடுங்கள்.

மிஸ் நிரப்பித் தந்ததைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது: ‘அமைதியான குழந்தை, பிரச்சினை எதுவும் இல்லை.’ மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. தெரபிஸ்ட் படித்துவிட்டு, “பள்ளியில் அடக்கி வைக்கிறான், வீட்டுக்கு வந்து வெடிக்கிறான். இரண்டு தாளும் ஒத்துப்போகாததுகூட எனக்குத் தகவல்தாம்மா” என்றார். என்னைப் பொய்க்காரியாகப் பார்க்காத முதல் ஆள்.

ஊஞ்சல், பந்து, களிமண் என்று இரண்டு அமர்வு நன்றாகவே போனது.

இப்போதைக்கு ஆட்டிசத்தின் அளவுகோலுக்குள் வரவில்லை, ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், தொடுகையிலும் ஒலியிலும் மிகையுணர்வு, வாரம் ஒரு முறை தெரபி. இதுதான் அறிக்கை. “அப்போ இதுக்குப் பேரு என்ன?” என்றார் கணவர். பெயர் இல்லை. ஆனால் ‘உடை மாற்றுவதில் கணிசமான சிரமம்’ என்று ஒரு வரி அச்சில் இருக்கிறது. அதை மாமியாரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

இன்னொன்று. அறிக்கை வாங்கும்போதே பள்ளிக்குத் தனிக் கடிதமும் கேளுங்கள். பதினோரு பக்க அறிக்கையைப் பள்ளியில் யாரும் படிக்க மாட்டார்கள். எனக்கு அப்போது தோன்றவில்லை. திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.