இரண்டாவது திருகு

பெரியப்பாவிடமிருந்து எனக்கு வந்த 1958-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் காரில் பிரேக் பெடல் ஆழமாக இறங்கத் தொடங்கினால், முதலில் பிரேக் ஆயிலைப் பார்ப்பேன். அந்த ஆயில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே இருப்பதால், விரிப்பை விலக்கித்தான் அளவு பார்க்க முடியும். ஆயில் குறையாமல் இருந்து, பெடலை இரண்டு மூன்று முறை மிதித்ததும் அது உயர்ந்து கெட்டியாக நின்றால், பெரும்பாலும், சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூவின் லைனிங் (உராயும் பட்டை) தேய்ந்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கும். பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. திருகைத் திருப்பி இடைவெளியைக் குறைப்பதால், அதாவது டைட் வைப்பதால், அது தீராது.

சென்ற மாதம் ஒரு பட்டறையில் டைட் வைத்து வாங்கி வந்த அன்றே, மதுரை கோரிப்பாளையத்தில் பிரேக்கை மிதித்தபோது வண்டி இடப்பக்கம் இழுத்தது. மறுநாள் வீட்டில் வலப்பக்க முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபின் காரணம் விளங்கியது. இந்த வண்டியின் முன்சக்கரங்களில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனிச் சிலிண்டர், தனித் திருகு உண்டு. ஆனால் டிரம்மில் இருக்கும் துளை ஒன்றுதான். அந்தத் துளை வழியே ஒரு திருகைத் திருப்பியபின், டிரம்மை அரைச்சுற்று சுற்றினால்தான் எதிர்ப்புறத் திருகு தென்படும். அந்த இரண்டாவது திருகை யாரும் தொட்டிருக்கவில்லை.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்கினேன். டிரம் சுற்றாமல் பிடிக்கும்வரை திருகை வலஞ்சுழியாகத் திருப்பி, ஒரே ஒரு 'டக்' பின்வாங்க வேண்டும். பிறகு பெடலை அழுத்தி மிதித்து ஷூக்களை அவற்றின் இடத்தில் அமரச் செய்து, மீண்டும் சுற்றிப் பார்க்க வேண்டும். அவசரத்தில் பலரும் தாண்டிவிடும் இந்தப் படிதான் மிக முக்கியமானது என்பது என் அனுபவம். லேசான உரசல் சத்தம் இருக்கலாம், ஆனால் பிடிக்கக் கூடாது. பின்சக்கரத்துக்குத் திருகு ஒன்றே. ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். ஓடிய சூட்டோடும் டைட் வைக்கக் கூடாது. விரிந்திருக்கும் டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூவைக் கவ்விக்கொள்ளும்.

டிரம்மைக் கழற்ற நேர்ந்தால் உள்ளே படிந்த தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிவிடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே நல்லது.

ஞாயிறன்று அழகர்கோவிலுக்குச் சென்று, பழமுதிர்ச்சோலை வரை ஏறி, இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். வளைவுகளில் ஸ்டீயரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. கீழே நிறுத்தி, முன்சக்கரங்கள் இரண்டின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெப்பம் வீசியது.