மாத்தளைக் கொட்டை, பாரதிபுரத்து உரல்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற இரவு பஸ்ஸில் மாத்தளையில் ஏறியபோது என் மடியில் இரண்டு கிலோ பச்சைக் கோப்பிக்கொட்டை இருந்தது. உடுப்புப் பையை மேல்தட்டில் போட்டுவிட்டேன், இதை அங்கே வைக்க மனம் வரவில்லை. கிளிநொச்சி பாரதிபுரத்தில் இருக்கிற என் சிநேகிதியின் அம்மாச்சி கேட்ட பொருள் அது. "வர்ற வழியில மாத்தளையில பச்சக் கொட்டையா வாங்கிட்டு வாம்மா. வறுத்தது வேணாம். தூள் வேணவே வேணாம்" என்று தொலைபேசியில் மூன்று தரம் சொல்லியிருந்தார்.

எனக்கும் தூளில் நம்பிக்கை போய் மூன்று வருடமாகிறது. கொழும்பில் ஒரு கடையில் வாங்கிய கோப்பித்தூள் சுடுதண்ணீரில் போட்டதும் கஞ்சி மாதிரித் தடித்தது. வறுத்த தானியத்தைக் கலந்து அரைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து கொட்டையாக வாங்கி, குடிக்கிற அளவுக்கு மட்டும் வீட்டிலேயே அரைக்கிறேன். கோப்பியின் வாசம் கொட்டைக்குள் அடைபட்டிருக்கும்வரைதான் பத்திரம். அரைத்த கணத்திலிருந்து அது வெளியேறத் தொடங்கிவிடும். போத்தலை எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஒரு கிழமையில் பாதிகூட மிஞ்சாது.

மாத்தளைக் கடையில் மூன்று சாக்குகள் திறந்திருந்தன. கை நிறைய அள்ளி முதலில் மணந்து பார்த்தேன். நல்ல பச்சைக் கொட்டையில் காய்ந்த வைக்கோல் வாசம் வரும். முதல் சாக்கில் மழையில் நனைந்த சாக்கின் நாற்றம் இருந்தது. பூஞ்சணம் பிடித்த கொட்டையை எவ்வளவு கருக வறுத்தாலும் அந்த நாற்றம் கோப்பியில் எழும். இரண்டாவது சாக்கிலிருந்து ஒரு கொட்டையைப் பல்லில் வைத்துக் கடித்தேன். பல் பதிந்தது. அப்படியென்றால் ஈரம் இன்னும் போகவில்லை. மூன்றாவது சாக்கில் பல் பதியவில்லை. அளவும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. இது முக்கியம். பெரிதும் சிறிதும் கலந்து கிடந்தால் சிறியது கருகுகிற நேரத்தில் பெரியது உள்ளே பச்சையாகவே இருக்கும். கொட்டை உருண்டை, நடுக்கோடு நேர்க்கோடு: ரொபஸ்டா இனம். மற்ற இனமான அராபிக்கா நீள்வட்டமாக, நடுக்கோடு வளைந்து கிடக்கும். அராபிக்காவில் புளிப்பும் பழவாசமும் கூட, ரொபஸ்டாவில் கசப்பும் காரமும் கூட, கஃபீனும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அராபிக்காதான் உயர்ந்தது என்று சொல்லிச் சொல்லியே பலர் ரொபஸ்டாவை ஒதுக்குகிறார்கள். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்துப் பாலில்லாமல் குடிக்கிற நம்முடைய கோப்பிக்கு ரொபஸ்டாதான் தாங்கும். அராபிக்காவின் மென்மை அந்த மல்லிக்குள்ளேயே தொலைந்துபோகும்.

தம்புள்ளை தாண்டியதும் பஸ்ஸில் எல்லோரும் நித்திரை. எனக்கு வரவில்லை. மடியில் இருந்த பொதியும் பஸ் ஓடுகிற வழியும் ஒன்றுக்கொன்று தெரிந்தவை என்ற எண்ணம் விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாக அழைத்துவரப்பட்ட தமிழ்நாட்டுச் சனம் மன்னாரில் கரையிறங்கி, வன்னியின் ஓரக் காடுகளுக்குள்ளால் நடந்து, தம்புள்ளைப் பக்கமாகத்தான் மாத்தளைக்கு ஏறியது. தண்ணீரில்லை, நிழலுக்கு ஒரு கூரையில்லை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். எத்தனை பேர் என்று யாரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை. 1869 இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் தோட்டங்கள் அழிந்து, அதே மலைகளில் தேயிலை வந்தது. கோப்பி போனது, கோப்பிக்காக வந்த சனம் தேயிலைக்குள் தங்கிவிட்டது. அந்த நடையின் 200 வருட நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மறுபடி நடந்தார்கள். அம்மாச்சி அதைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுததாகச் சிநேகிதி சொல்லியிருக்கிறாள்.

ஓமந்தையில் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். சமாதான காலத்தில் அம்மாவோடு இந்த வழியால் போனபோது இங்கேயிருந்த சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குள் வரிசையில் நடந்தோம். இப்போது பஸ் வேகம் குறைக்காமலே போகிறது. முறிகண்டியில் மட்டும் நின்றது. சாரதி இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வர, நான் கச்சான் ஒரு சரை வாங்கினேன். விடியச் சற்று முன் கிளிநொச்சி. அங்கிருந்து ஓட்டோவில் கிரவல் ஒழுங்கை வழியே வீட்டுக்கு.

"பஸ்ஸிலை நித்திரை கொண்டனியோ பிள்ளை?" என்று சிநேகிதியின் அம்மாவான அன்ரி கேட்டபடி படலையைத் திறந்தார். அம்மாச்சி என் முகத்தைப் பார்ப்பதற்கு முதல் பொதியை வாங்கிப் பிரித்து மூக்கருகே பிடித்தார். "நல்ல கொட்டம்மா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இரண்டு தரம் மாத்தளைக்குப் போகலாம்.

அம்மாச்சி மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவர். லயத்துக்குப் பின்னால் அவருடைய அப்பா நாலு கோப்பிச்செடி வைத்திருந்தாராம். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வடக்கே வந்தார்கள். கோப்பிக்காக ஒரு தலைமுறை தெற்கே நடந்து போன காட்டை நோக்கி, உயிருக்காக இன்னொரு தலைமுறை திரும்பி வந்திருக்கிறது. வந்து காடு வெட்டி, கிணறு வெட்டி, வளவைச் சோலையாக்கியதும் 2008 கடைசியில் மறுபடி இடப்பெயர்வு. செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் கூரையில்லை. மாமரத்தடியில் உரல் மட்டும் மழைத்தண்ணி நிரம்பியபடி நின்றதாம். பாலை மரத்தில் கடைந்த உரல். வாயோரத்தில் ஒரு வெடிப்பு இருக்கிறது, அதற்கு இரும்புப் பட்டி போட்டிருக்கிறார்கள்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் சுளகோடு உட்கார்ந்தோம். மாத்தளைக் கடையில் நான் பார்த்துப் பார்த்து எடுத்த கொட்டைதான். அம்மாச்சியின் விரல் பட்ட பிறகு அதில் இரண்டு சிறங்கை கழிவு சேர்ந்தது. கறுத்தது, உடைந்தது, உள்ளே கூடாகிப்போனது ஒருபக்கம். ஊசி குத்தினதுபோல ஓட்டை விழுந்தது இன்னொரு பக்கம். காய்க்குள் புகுந்து துளைக்கிற சின்னக் கறுப்பு வண்டின் வேலை அது. "ஒரு கறுப்புக் கொட்ட போதும்மா, ஒரு செம்புக் கோப்பியக் கெடுத்துரும்" என்றார். இடையிடையே ஒரு கொட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். தட்டையான பக்கமே இல்லாத, மிளகுபோல உருண்ட கொட்டை. ஒரு பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை முகத்தோடு முகம் வைத்திருக்கும். ஒன்று மட்டும் வளர்ந்தால் அது இப்படி உருண்டுவிடும். "ஒத்தக்கொட்ட. இதச் சேத்து வறுக்கக்கூடாது, ஓடி ஓடி வேற பக்கம் போயிரும்" என்றார். கடையில் இதைத் தனியாகப் பிரித்துக் கூடின விலைக்கு விற்பது எனக்குத் தெரியும். எதற்காகப் பிரிக்கிறார்கள் என்று அவர் சொல்லித்தான் விளங்கியது. உருண்டைக் கொட்டைக்குச் சூடு ஏறுகிற விதமே வேறு.

வறுப்பது பின்வளவில், மூன்று கல் அடுப்பில், இரும்புத் தாச்சியில். ஒரு தரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் போட விடவில்லை. பாலை விறகு மெதுவாக நின்று எரிந்தது. நான் மர அகப்பையால் கிளற, அம்மாச்சி பக்கத்தில் குந்தியிருந்து நெருப்பைப் பார்த்தார். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. பச்சை மங்கி மஞ்சளாகியது. வைக்கோல் வாசம் மாறிப் பாண் போறணை வாசம் வந்தது. பிறகு மண்ணிறம். கை நோகத் தொடங்கியபோது "நிறுத்தாத, நிறுத்துனா ஒரு பக்கம் தீஞ்சிரும்" என்றார். புகை எழும்பியதும் தாச்சிப் பக்கம் காதைச் சாய்த்தார். படக் என்று ஒரு சத்தம். சற்று விட்டு இன்னொன்று. பிறகு சோளம் பொரிவதுபோலத் தொடர்ந்து. கொட்டைக்குள் அடைபட்ட நீராவியும் வாயுவும் வெடித்து வெளியே வருகிற சத்தம் அது. அந்த இடத்தில் அவர் கொள்ளிகளை வெளியே இழுத்துவிட்டார். மிச்ச வறுவலைத் தாச்சியின் சூடே பார்த்துக்கொண்டது. கரும்மண்ணிறம் வந்து, மேலே எண்ணெய் கசியுமுன் சுளகில் கொட்டிப் புடைத்தோம். கொட்டையின் கோட்டுக்குள் ஒட்டியிருந்த வெள்ளித் தோல் காற்றில் பறந்து வாழையடியில் படிந்தது. ஆறிய பிறகு அன்ரி கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தார். 500 கிராம் போட்டதில் 420 மிஞ்சியிருந்தது.

அன்றைக்கே இடிப்போம் என்று நான் உரலைக் கழுவப் போனேன். தடுத்துவிட்டார். "நாளைக்கி. சூட்டோட இடிச்சா உரல்ல ஒட்டிக்கிரும்." வறுத்த கொட்டையிலிருந்து கரியமிலவாயு வெளியேற ஒருநாளாவது வேண்டும், உடனே ஊற்றினால் நுரைதான் பொங்கும், சாறு சரியாக இறங்காது என்று நான் படித்திருந்தேன். அவர் சொன்ன காரணம் வேறு. இரண்டு பேரும் அடுத்த நாள் காலைக்குத்தான் வந்து சேர்ந்தோம்.

விடிய ஐந்து மணிக்கு உலக்கைச் சத்தத்தில்தான் எழும்பினேன். மல்லியைத் தனியாக, லேசாக வறுத்து வைத்திருந்தார். கோப்பியோடு போட்டால் மல்லி முதல் கருகிவிடும். "சுக்கு எங்கடி?" என்று அம்மாச்சி கேட்க, "வேர்க்கொம்பு அந்தப் பேணிக்குள்ள இருக்கம்மா" என்று குசினியிலிருந்து அன்ரி சொன்னார். தாய் மலையில் கற்ற சொல், மகள் வன்னியில் கற்ற சொல். இரண்டும் ஒரே உரலில் விழுந்தன.

ஒரு சோதனைக்காக, ஒரு கைப்பிடி கொட்டையை அவர்களுடைய மின் அரைப்பானிலும் அரைத்தேன். ஐந்து விநாடி ஓட்டி நிறுத்தி, குலுக்கி, மறுபடி ஐந்து விநாடி என்று அரைத்தால்தான் தகடு சூடாகி வாசத்தைத் தின்னாது. அப்படிக் கவனமாக அரைத்தும் அதில் மாவும் குறுநொய்யும் கலந்திருந்தன. மாவு தண்ணீரில் சட்டென்று கசப்பை விடும், குறுநொய் ஒன்றையும் விடாமல் கிடக்கும். உரலில் இடித்ததை அம்மாச்சி அரிதட்டில் அரித்து, மிஞ்சின கப்பியைத் திரும்ப உரலில் போட்டு இடித்தார். மூன்று தரம். விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், மெல்லிய மணல் மாதிரி ஒரே சீர். அரைக்கிற பொறி வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: தகடு சுழல்கிறதை விட, இரண்டு பற்சில்லுகளுக்கிடையில் நெரித்து அரைக்கிற கைப்பொறியை வாங்குங்கள். அது இல்லையென்றால் ஓர் அரிதட்டு வாங்குங்கள். பாதிக் குறை அதிலேயே தீரும்.

தண்ணீர் கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கினபிறகுதான் தூளைப் போட்டார். மூடி நாலைந்து நிமிடம். பிறகு ஒரு கரண்டி பச்சைத்தண்ணீர் தெளிக்க, மேலே மிதந்த தூள் அடியில் இறங்கியது. துணியில் வடித்து, மூக்குப்பேணியில் ஊற்றி, ஒரு துண்டு பனங்கட்டியோடு தந்தார். முதல் மிடறில் கசப்பு வந்தது, ஆனால் தொண்டையைப் பிடிக்கவில்லை. அதன் பின்னால் மல்லியின் குளிர்ச்சி. பேணியை வைத்துச் சற்று நேரத்துக்குப் பிறகுதான் வேர்க்கொம்பு நெஞ்சுக்குள் சூடாக இறங்கியது. வளவு முழுவதும் அந்த வாசம். பக்கத்து வளவிலிருந்து "என்ன அம்மாச்சி, மாத்தளையிலயிருந்து ஆக்கள் வந்திட்டினமோ?" என்று ஒரு குரல் கேட்டது. அவருக்கும் ஒரு பேணி போனது.

மத்தியானம் புறப்படுமுன் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இங்கே மூன்று தரம் கோப்பிக்கன்று வைத்தாராம். மூன்றும் சோளகக் காற்றில் கருகிவிட்டன. மழையெல்லாம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிட்டு, பிறகு மாதக்கணக்காகக் காய்கிற மண். கோப்பிக்கு ஒத்துவராது என்று அவருக்கும் தெரியும். தோட்டம் போட அவர் கேட்கவில்லை. வீட்டில் ஒரு செடி நின்று பூத்தால் போதும் என்கிறார். கோப்பிப்பூ மல்லிகைபோல வெள்ளையாக, மல்லிகைபோலவே மணக்கும்.

"அடுத்த தரம் கொட்டையோட ரெண்டு கன்னும் கொண்டாம்மா. மாரிக்கு முன்னாடி வெச்சுறலாம்."

ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆய்வு நிலையம் மாத்தளையில்தான் இருக்கிறது, அங்கே ரொபஸ்டாக் கன்று கேட்டுப் பார்க்கலாம். இந்த முறை வெட்டவெளியில் வேண்டாம், மாமரத்தின் கிழக்குப் பக்கம் வையுங்கள், பின்னேர வெயில் படாது, அடியில் வைக்கோல் மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும் என்றேன். அன்ரி அப்போதே மண்வெட்டியை எடுத்துவந்து, உரல் நிற்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி இரண்டு குழிக்கு அடையாளம் வெட்டினார்.