கூத்துக் கேசட்டுகளை பேகிட்டில் கட்டி வைத்த அனுபவம்

ஆற்காடு பக்கத்தில் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தபோது பெரியப்பா விடிய விடிய உட்கார்ந்து பதிவு செய்த 15 கேசட்டுகள் என்னிடம் வந்து சேர்ந்தன. அந்தக் கூத்து வாத்தியார் இப்போது இல்லை, முகவீணை வாசித்தவரும் இல்லை, அதனால் இந்தச் சத்தம் கெட்டுப்போனால் எங்கே போயும் திரும்ப வாங்க முடியாது. 14 கேசட்டுகளை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்புகளாக மாற்றினேன். பக்கத்துக்கு ஒன்றாக 28 கோப்புகள், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி.

முதலில் சீக்ஃப்ரீட், கோப்பு உண்மையில் என்ன வகை என்று கண்டுபிடிக்கும் மென்பொருள். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், ஒரே வரிதான். கோப்பின் பெயரை நம்பாமல் உள்ளே இருக்கும் பைட்டுகளை பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்பு வகைப் பட்டியலான ப்ரோனோமோடு ஒப்பிட்டு, இது இன்ன வகை என்று சொல்லிவிடும். ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கிய 4 கோப்புகள் பெயருக்குத்தான் வேவ், உள்ளே எம்பி3 என்று அதுதான் காட்டிக் கொடுத்தது. கோபம் வந்தது. சரி, அந்த 2 கேசட்டுகளையும் வீட்டிலேயே மறுபடி ஓடவிட்டு எடுத்தேன்.

அப்புறம் பேகிட், கோப்புகள் பின்னால் மாறிப்போனால் தெரியும்படி மூட்டையாகக் கட்டி வைக்கும் கருவி; அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பைத்தான் நிரல்மொழியில் எழுதி வெளியிட்டது. கோப்புறையைக் காட்டினால் எல்லாவற்றையும் டேட்டா என்ற உள் கோப்புறைக்குள் தள்ளி, ஒவ்வொரு கோப்புக்கும் அதன் பைட்டுகளிலிருந்து ஷா-256 என்ற சரிபார்ப்புக் குறியீட்டைக் கணக்கிட்டு, 64 எழுத்துக் கைரேகையாக மேனிஃபெஸ்ட் என்ற பட்டியல் கோப்பில் எழுதி வைக்கும். தனியாக நகல் எடுக்காது, இருக்கும் இடத்திலேயே மாற்றிவிடும், ஆகவே முதலில் வேறு டிஸ்க்கில் ஒரு நகல் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். கோப்புப் பெயர்களை எண்களாகவே வைத்தேன், ஏனென்றால் 'திரௌபதி'யில் வரும் ஔகாரக் குறியை யூனிகோடில் ஒன்றாகவும் வைக்கலாம், இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம்; கண்ணுக்கு ஒரே சொல், கணினிக்கு வெவ்வேறு பெயர். தமிழ் விவரமெல்லாம் மூட்டையோடு வரும் பேக்-இன்ஃபோ என்ற விவரக் கோப்பில் இருக்கிறது.

குடியாத்தத்தில் அக்கா வீட்டில் வைக்க ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாவது நகல் எடுத்தேன். நகல் சரியா என்று பார்க்கும் பேகிட்டின் வேலிடேட் கட்டளையோடு ஃபாஸ்ட் என்பதையும் சேர்த்து ஓட்டினேன், கண் மூடித் திறப்பதற்குள் சரி என்றது. மனம் கேட்கவில்லை. ஃபாஸ்ட்டை எடுத்துவிட்டு முழுச் சோதனையை ஓடவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் 17-ஆம் கோப்பின் ஷா பொருந்தவில்லை! ஃபாஸ்ட் பார்ப்பது மொத்த பைட் எவ்வளவு, கோப்பு எத்தனை என்பதை மட்டுமே. அளவு மாறாமல் உள்ளே நாலு பைட் மாறிக் கிடந்தால் அதற்குத் தெரியாது. ஆனால் விண்டோஸ் தானாகப் போட்டுவிடும் தம்ப்ஸ்.டிபி மாதிரி ஒன்றுக்கும் உதவாத கோப்பு டேட்டாவுக்குள் வந்து உட்கார்ந்தால் ஃபாஸ்ட் கூடக் கத்தும்.

அந்த டிஸ்க்கை ஓரம் கட்டிவிட்டு, வேறொன்றில் முழுதாக நகலெடுத்தேன். இந்த முறை 28-ம் பொருந்தின. மாதம் ஒரு முறை முழுச் சோதனை தானாக ஓட, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் க்ரானில் ஒரு வரி போட்டிருக்கிறேன்.

மிச்சம் இருப்பது, துரியோதனன் வீழும் படுகளத்தன்று எடுத்த 15-ஆவது கேசட். டேப் ஒட்டிக் கிடக்கிறது. வேலூர் வெயில் கொஞ்சம் தணிந்ததும் சுருளைக் கழற்றி வேறு கூட்டில் மாட்டிப் பார்க்க வேண்டும்.