சில்லு உடைந்த கதை

கல்லூரிக்கு வந்த பெரியவர்களைப் பற்றி எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். வந்தவரை விட, அவர் வராமல் நாங்கள் காத்திருந்த இரண்டரை மணித்தியாலம்தான் எனக்கு நன்றாக நினைவில் நிற்கிறது.

1972. நான் எட்டாம் வகுப்பு. பரிசளிப்பு விழாவுக்குக் கொழும்பில் பெரிய உத்தியோகத்தில் இருந்த பழைய மாணவர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வாசலிலிருந்து மண்டபம் வரை மூன்று மணிக்கே எங்களை இரண்டு வரிசையில் நிறுத்திவிட்டார்கள். நிறைகுடம், தோரணம், மேளம் எல்லாம் தயார். காரைத்தான் காணவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. நாதஸ்வரக்காரர் சீவாளியைக் கழற்றி வைத்துவிட்டுப் படியில் குந்திவிட்டார்.

வரிசை குலையத் தொடங்கியதும் சரித்திர மாஸ்டர் நடுவில் வந்து நின்றார்.

"தம்பியவை, விவேகானந்தருக்கே வழியில சில்லு உடைஞ்சது. தெரியுமோ?"

தெரியாது. சிகாகோவில் பேசியவர் என்ற அளவில்தான் தெரியும்.

1897 ஜனவரி 15ஆம் திகதி சுவாமி கொழும்பில் இறங்கினார். கண்டி போய், மாத்தளை வரை ரயில். அதற்கப்பால் தண்டவாளமே கிடையாது, குதிரை வண்டிதான். தம்புள்ளை தாண்டிய ஓர் இறக்கத்தில் சில்லு நொறுங்கிவிட்டது. மூன்று மணித்தியாலம் றோட்டோரம் நின்று, பிறகு மாட்டு வண்டி பிடித்து இரவோடு இரவாக அனுராதபுரம் நோக்கிப் போனார்கள். மாஸ்டர் மாட்டை வேறு அதட்டிக் காட்டினார். யாழ்ப்பாணத்தில் தீவட்டி ஊர்வலம், நமது கல்லூரியிலே பந்தல், மறுநாள் மாலை வேதாந்தம் பற்றிய பேச்சு. "இந்த வளவிலதான்!" என்று அவர் காலால் நிலத்தைத் தட்டியபோது எல்லோரும் குனிந்து மண்ணைப் பார்த்தோம்.

"காந்தியும் வந்தவரோ சேர்?" என்றான் ஒருவன்.

"1927 நவம்பர். அது அடுத்த விருந்தாளி பிந்தினால் சொல்லுறன்."

ஐந்தரைக்குக் கார் வந்தது. மாலை வாடிப்போயிருந்தது. சரி, ஒருவழியாக மேடையேறிய விருந்தினர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்:

"மன்னிக்கவேணும். முறிகண்டி தாண்டினதும் எங்கட கார்ச் சில்லு..."

மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது. பாவம், அவர் தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். அதிபர் எங்களை முறைத்தார். சரித்திர மாஸ்டர் மட்டும் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.