அந்த ஒரு 'சரி'

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று பள்ளியில் நான் நர்ஸாக இருக்கும் மருத்துவ அறையில் அந்தப் பிள்ளை கெஞ்சியபோது "சரி" என்றேன். என்ன விஷயம் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்ட சரி அது. பிள்ளைகளிடம் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது குழந்தைப் பாதுகாப்பின் அரிச்சுவடி. எனக்குத் தெரியாததல்ல. 14 வயதுப் பிள்ளை மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறது, முதலில் அது நிதானத்துக்கு வரட்டும் என்று நினைத்தேன். இன்றுவரை எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

சட்டைக்குள் பைண்டர். மார்பைத் தட்டையாகக் காட்டத் திருநம்பிகள் போன்றோர் போடும் இறுக்கமான உள்ளாடை. அதையும் ஒரு அளவு சின்னதாக வாங்கியிருந்தது. இரவிலும் கழற்றுவதில்லையாம். திரைக்குப் பின்னால் போய்க் கழற்றச் சொன்னேன். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டது. அக்குளுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. விலாவில் தையல் கோடு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது.

"இதைப் போட்டாத்தான் என்னால நாலு பேர் முன்னாடி நிக்க முடியுது."

மாலையே பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்கும் தெரிந்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போதும் ஓடும்போதும் வேண்டவே வேண்டாம் என்று பெரியவர்களுக்கே சொல்கிறார்கள். இதுவோ வளரும் உடம்பு. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பைண்டர் அணிந்த சுமார் 1,800 பெரியவர்களில் 97 சதவீதம் பேர் முதுகுவலி, மூச்சுத்திணறல் என்று ஏதாவது ஒரு தொந்தரவைச் சொல்லியிருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்து விலா எலும்புக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

ஆனால் அதே ஆய்வில், மனது லேசானதாகவும் பலர் சொல்லியிருந்தார்கள். என் அறிக்கையில் புண் இருந்தது, மூச்சு இருந்தது. பிள்ளை சொன்ன அந்த ஒரு வாக்கியம் இல்லை. அதை ஏன் விட்டேன்? மருத்துவக் குறிப்புக்குத் தேவையில்லை என்றா, எழுதினால் என் பக்கம் பலவீனமாகிவிடும் என்றா?

"என்னால் மறைக்க முடியாது, யாரிடம் எப்படிச் சொல்லலாம் என்று சேர்ந்து யோசிப்போம்" என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இனி அப்படித்தான் செய்வேன். அப்புறம் தோன்றுகிறது: அப்படிச் சொல்லியிருந்தால் அது திரைக்குப் பின்னால் போயிருக்குமா? அந்தப் புண்ணை யார் பார்த்திருப்பார்கள்?

மறுநாள் மருந்து போட வரச் சொல்லியிருந்தேன். வரவில்லை. இப்போதெல்லாம் என் அறையைத் தாண்டிப் போகும்போது புத்தகப்பையை முன்பக்கமாக மாட்டி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடக்கிறது.