வெள்ளிப் பெயிண்டுக்குக் கீழே ஒரு ராலே

2025 ஜூலை 19, சனி

சோழவந்தானிலிருந்து பெரியப்பாவின் சைக்கிள் வீட்டுக்கு வந்துவிட்டது. பிரேம், மட்கார்டு, செயின் கவர், ராடு பிரேக் கம்பி, பெல் மூடி என்று ஒன்று விடாமல் வெள்ளி ஸ்பிரே. ஏதோ ஓர் ஆயுத பூஜைக்கு அண்ணன் மகன் அடித்தது. "பளபளன்னு இருக்கட்டுமேன்னுதான் சித்தப்பா அடிச்சேன்" என்றான். அவனை என்ன சொல்வது? பூஜைக்குப் பெயிண்ட் அடிபடாத வண்டி நம் பக்கத்தில் ஏது?

இது இங்கிலாந்து சைக்கிள் கம்பெனியான ராலேயின் வண்டி என்பதை முன் பல்சக்கரமே சொல்லிவிடுகிறது. அதில் மூன்று நாரைத் தலைகளை வெட்டியிருப்பார்கள். ஆனால் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து கப்பலில் வந்ததா, மேற்கு வங்கத்தில் அஸன்ஸோல் சென்-ராலே ஆலையில் செய்ததா என்பது வெள்ளிக்குக் கீழே இருக்கிறது. ஹேண்டில் பக்கமிருந்து பெடல் பக்கம் சாய்வாக இறங்கும் டவுன் டியூபில் கம்பெனி ஸ்டிக்கர் இருந்த இடம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. லேசான மேடு. அப்படியானால் அது உள்ளே இன்னும் இருக்கிறது. வெள்ளியை மட்டும் எடுத்து, அடியில் இருக்கும் பழைய பெயிண்டையும் ஸ்டிக்கரையும் காப்பாற்ற வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

சிம்மக்கல் பக்கம் தெரிந்த சைக்கிள் கடை அண்ணனிடம் காட்டினேன். "மொத்தத்தையும் உரிச்சுட்டு பவுடர் கோட்டிங் குடுத்துருவோம் தம்பி. ஷோரூம் வண்டி மாதிரி ஆயிரும்." ஷோரூம் வண்டி வேண்டுமென்றால் ஷோரூமுக்கே போய்விடலாமே. பவுடர் கோட்டிங்குக்கு முன்னால் மணலடித்து இரும்பு தெரியும்வரை உரித்துவிடுவார்கள். பழைய பெயிண்டின் மேல் போட்ட தங்கக் கோடு, ஸ்டிக்கர் எல்லாம் அத்தோடு சரி. டப்பாவில் விற்கும் பெயிண்ட் ரிமூவரும் நமக்கு ஆகாது. மெத்திலீன் குளோரைடு கலந்தது என்றால் மேல் பூச்சு, கீழ்ப் பூச்சு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கொப்புளமாகக் கிளப்பிவிடும்.

இரண்டு பூச்சும் ஒரே ஜாதி இல்லை என்பதில்தான் நமக்கு வழி இருக்கிறது. ராலேயின் கறுப்பு எனாமலை அடுப்பில் வைத்துச் சுட்டிருப்பார்கள். சூட்டில் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும்; கரைப்பான் பட்டாலும் சட்டென்று கரையாது, நேரம் கொடுத்தால் ஊறி உப்பும், அவ்வளவுதான். ஸ்பிரே கேனில் வருவது பெரும்பாலும் கரைப்பான் ஆவியாகி வெறுமனே காய்கிற பூச்சு. சரியான கரைப்பான் பட்டால் மறுபடி இளகிவிடும். மேலே இருப்பது இளக வேண்டும், கீழே இருப்பது ஊறக் கூடாது. அந்த இடைவெளி சில நொடிகளா சில நிமிடங்களா என்பதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

உப்புத்தாள் கூடவே கூடாது. எனாமல் போவது இருக்கட்டும், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசியை வீட்டில் பறக்கவிட முடியாது.

ஜூலை 26, சனி

சோப்புத் தண்ணீரில் கழுவினேன். பிசுக்கை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பெடல் அச்சு போகிற குடத்தின் அடிப்பக்கம் சோதனைக்கு நல்ல இடம், குனிந்து பார்த்தால்கூடத் தெரியாது. பலம் குறைந்ததிலிருந்து தொடங்கினேன்.

மண்ணெண்ணெய்க்கு அசையவே இல்லை. மினரல் டர்பன்டைனுக்கு மினுக்கம் கொஞ்சம் மங்கியது, வேறொன்றுமில்லை. அடுத்தது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், செல்போன் ரிப்பேர் கடையில் போர்டு துடைக்க வைத்திருப்பார்களே, அது. நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் போல வைத்து எடுத்தால் வெள்ளி தோலாகச் சுருங்கிக் கிளம்பியது. அடியில் கறுப்பு பத்திரம். பெயிண்ட் கடை தின்னரையும் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். வெள்ளி உடனே ஓடியது, பின்னாலேயே பஞ்சில் கறுப்பும் வந்தது. தின்னர் வேண்டாம். அசிட்டோனைக் குரோம் பாகங்களுக்கு ஒதுக்கி வைத்துவிட்டேன்.

இனி பஞ்சைப் பார்த்துத்தான் வேலை. வெள்ளியாக வந்தால் தொடரலாம், கறுப்பாக வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். வெயிலில் மங்கிய எனாமலின் மேல்தோலும் கொஞ்சம் கறுப்பாகவே வரும்தான். ஆனால் அது காய்ந்த பொடியாக வரும். பசையாக ஒட்டிக்கொண்டு வந்தால்தான் ஆபத்து.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பெருக்கு

ஆடிக் காற்றில் மொட்டை மாடி வேலைக்கு ஆகவில்லை. இளகிய பெயிண்டில் மண் ஒட்டி, அதோடு சேர்த்துத் தேய்த்தால் அதுவே உப்புத்தாள். வண்டியைப் பின்கட்டுக்குக் கொண்டு வந்து, கதவு ஜன்னலைத் திறந்து வைத்தேன். சமையலறை அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பாட்டிலைத் திறந்தேன். ஆல்கஹால் ஆவி லேசில் பற்றிக்கொள்ளும்.

உள்ளங்கை அளவு இடம்தான் ஒரு தடவைக்கு. நனைத்த பனியன் துணியைச் சுற்றி, காய்ந்துவிடாமல் மேலே பிளாஸ்டிக் தாள். இளகியதும் மூங்கில் சிம்பைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் சுருள் சுருளாக வருகிறது. பிறகு சுத்தமான துணியால் ஒரே திசையில் ஒரு இழுப்பு. அதே துணியால் திரும்பத் தேய்த்தால் வெள்ளி கறுப்பின் மேல் சாம்பலாக அப்பிக்கொள்கிறது. வெள்ளிப் பெயிண்டில் இருப்பது அலுமினியப் பொடி. பழைய எனாமலின் நுண்ணிய வெடிப்புகளில் போய் உட்கார்ந்தால் கரைப்பானால் வராது.

பின் போர்க்கில், கேரியர் கால் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, வெள்ளி விலகியபோது கறுப்பு இல்லை. இரும்பு தெரிந்தது. விரல் அகலத்தில் சாய்வாக ஒரு தேய்மானம், மறுபக்கமும் அதே உயரத்தில். ஓரத்தில் எனாமல் கத்தி முனைபோல மெலிந்து முடிகிறது. பெரியப்பா கேரியரில் வெற்றிலைக் கட்டை வைத்துக் கயிற்றைக் கீழே கொண்டு வந்து இறுக்குவார். அந்தக் கயிறு அறுத்த இடம். பவுடர் கோட்டிங் கொடுத்திருந்தால் இதைத்தான் முதலில் நிரவியிருப்பார்கள். துருவை மட்டும் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு அப்படியே விட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று ஸ்டிக்கர். முழு நாளும் இதற்கே போனது.

இந்தக் காலத்து ஒட்டும் ஸ்டிக்கர் இல்லை இது. தண்ணீரிலோ வார்னிஷிலோ இடம் மாற்றிப் பதித்து, மேலே வார்னிஷ் பூசிய மெல்லிய படம். அந்த வார்னிஷ் எனாமல் அளவுக்கு இறுகியிருக்காது, ஆல்கஹாலே அதைத் தின்றுவிடலாம். அதனால் இங்கே கரைப்பானே இல்லை. ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடு காட்டி, மேட்டின் ஓரத்திலிருந்து நகத்தால் நெம்பினேன். சில இடங்களில் செதிலாக வந்தது. வராத இடத்தில் காது குடையும் பஞ்சுக் குச்சியில் மிக நைசான ரப்பிங் காம்பவுண்டை, அதாவது பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றும் பசையை, தொட்டு, அழுத்தாமல் சுழற்றிச் சுழற்றி மேலிருந்து மெலிய வைத்தேன். வெள்ளி வழியாகத் தங்க நிறம் மங்கலாகத் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் தெளியட்டும் என்று கை போகும், விடக் கூடாது.

மாலைக்குள் படித்துவிட்டேன்: சென்-ராலே. ஆக, அஸன்ஸோல்தான். இங்கிலாந்து வண்டி என்று சோழவந்தானில் பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்ததை அண்ணனிடம் போனில் நினைவுபடுத்தினேன். "அப்பா இருந்திருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டாருடா" என்று சிரித்தார். எழுத்தின் முதல் பாதியில் இன்னும் ஒரு வெள்ளிப் படலம் இருக்கிறது. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

குரோம் பாகங்கள் சுலபம். ஹேண்டில் பாரில் அசிட்டோன் துணி ஒரு தடவை போனதும் வெள்ளி ஓடிவிட்டது. கைப்பிடிகளை முதலிலேயே கழற்றிவிட்டேன். பழைய செல்லுலாய்டாக இருந்தால் அசிட்டோனில் அதுவும் கரைந்துவிடும். துருப் புள்ளிகளுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும், அலுமினியம் குரோமைவிட மிருதுவானது, கீறாது.

பிரேமில் தங்கியிருந்த சாம்பல் படலத்துக்கு ரப்பிங் காம்பவுண்ட், தங்கக் கோட்டை விட்டு விலகியே. கடைசியாகக் கார் வேக்ஸ். கடை அண்ணன் தேங்காய் எண்ணெய் போடச் சொன்னார். இரண்டு நாள் மின்னும், மூன்றாம் நாள் தெருப் புழுதி முழுக்க அதில்தான் இருக்கும்.

பிரேம் குழாய்கள் சேரும் லக் மடிப்புகளில் முடி அளவு வெள்ளி நிற்கிறது. அதை எடுக்க ஊசியை உள்ளே விட்டால் எனாமலைக் கீறிவிடும், எடுக்கப் போவதில்லை. மட்கார்டின் உள்பக்கமும் வெள்ளியாகவே இருக்கட்டும். சேறு தெறிக்கிற இடம், துருவுக்குத் தடையாக இருக்கும். செயின் கவர் மட்டும் மிச்சம். அதை ஆடிக் காற்று அடங்கியதும் கழற்றலாம்.